கரடியும் சுண்டெலியும்: குழந்தைகளோடு பார்க்க நான் முதலில் சொல்லும் படம்

கேள்வி இது: "ஆறேழு வயதுக் குழந்தையோடு உட்கார்ந்து பார்க்க, ஒட்டவே ஒட்டாத இரண்டு விலங்குகளின் நட்பைப் பற்றிய அனிமேஷன் படம் ஒன்று வேண்டும். டிஸ்னி, பிக்சார் எல்லாம் பார்த்தாகிவிட்டது. அதிகம் பேசப்படாத நல்ல படம் எது? குழந்தை கொஞ்சம் பயந்த சுபாவம்."

யோசிக்கவே வேண்டியதில்லை. 'எர்னெஸ்ட் அண்ட் செலஸ்தீன்'. 2012இல் வந்த பிரெஞ்சு மொழிப் படம். எர்னெஸ்ட் ஒரு கரடி, செலஸ்தீன் ஒரு சுண்டெலி. சுமார் 80 நிமிடம்தான் ஓடும். பெஞ்சமின் ரென்னர், ஸ்தெஃபான் ஒபியே, வென்சான் பதார் என்று மூன்று பேர் சேர்ந்து இயக்கியது. 2013இல் பிரான்சின் சேசர் விருதை வென்றது. அடுத்த ஆண்டு ஆஸ்கரில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஐந்து பரிந்துரைகளில் ஒன்றாகவும் நின்றது. அந்த வருடம் பரிசு 'ஃப்ரோசன்' படத்துக்குப் போனது. ஜப்பானின் மியாசாகி எடுத்த 'தி விண்ட் ரைசஸ்' படமும் அதே பட்டியலில்தான் இருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன பிரெஞ்சுப் படத்தை யார் கவனிப்பார்கள்? நம் பக்கம் குழந்தைகள் படம் என்று பேச்சு எடுத்தால் இதன் பெயர் வருவதே இல்லை. அது எனக்குப் பெரிய குறை.

விலங்கு நட்புப் படங்கள் ஏராளம் இருக்க இதை ஏன் முன்னால் வைக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அந்த வகைப் படங்கள் பெரும்பாலும், இரண்டு விலங்குகளின் குணம் வேறு, உருவம் வேறு, ஆனால் மனசு ஒன்று என்று காட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளும். இந்தப் படம் அதற்குள் இன்னொரு படி இறங்குகிறது. இந்த இரண்டு பேரும் நண்பர்களாகக் கூடாது என்று யார் முடிவு செய்தது, அந்தப் பயத்தை வைத்து யார் பிழைக்கிறார்கள், அது எப்படிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப்படுகிறது என்றெல்லாம் ஆறு வயதுக் குழந்தைக்குப் புரியும் அளவில் காட்டுகிறது. பிரசங்கம் ஏதும் இல்லை. பல்லையும் மிட்டாயையும் வைத்தே அவ்வளவையும் சொல்லிவிடுகிறது.

தரைக்கு மேலே கரடிகளின் ஊர். தெரு, கடை, போலீஸ், நீதிமன்றம் எல்லாம் உண்டு. தரைக்குக் கீழே எலிகளின் ஊர். அங்கேயும் அதே போலீஸ், அதே நீதிமன்றம். படம் கீழே ஓர் அநாதை விடுதியில் தொடங்குகிறது. விடுதியைப் பார்த்துக்கொள்ளும் கிழட்டு எலி, இரவில் குட்டிகளைப் படுக்க வைத்துவிட்டு, எதையும் விழுங்கிவிடும் பெரிய கெட்ட கரடியின் கதையைச் சொல்லிப் பயமுறுத்துகிறாள். எல்லாக் குட்டிகளும் நடுங்க, செலஸ்தீன் மட்டும் ஒரு கரடியும் ஒரு எலியும் சிநேகமாக இருப்பதுபோல் படம் வரைகிறாள். எலிக்கும் கரடிக்கும் ஏன் ஒத்துப்போகாது என்று கேள்வியும் கேட்கிறாள்.

மேலே கரடிகளின் வீட்டில் இதன் மறுபக்கம் நடக்கிறது. பிரான்சில் பால் பல் விழுந்தால் குழந்தை அதைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுத் தூங்கும். இரவில் ஒரு சுண்டெலி வந்து பல்லை எடுத்துக்கொண்டு காசு வைத்துவிட்டுப் போகும் என்பது அங்கே வழிவழியாக வரும் நம்பிக்கை. படத்தில் கரடிக் குட்டிக்கும் அதே கதைதான் சொல்லப்படுகிறது. ஆனால் நிஜமாகவே ஒரு சுண்டெலி பல்லை எடுக்க வந்து நின்றால், அதே அப்பாவும் அம்மாவும் அலறியடித்துக்கொண்டு துரத்துகிறார்கள். கதையில் வரும் எலி செல்லம், வீட்டுக்குள் வந்த எலி அருவருப்பு. இதைப் பார்த்து என் பக்கத்தில் இருந்த சின்னப் பெண் "அவங்கதானே எலி வரும்னு சொன்னாங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. படம் விரும்புவதும் அந்தக் கேள்வியைத்தான்.

பல் ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள், அது பிரமாதம். எலிகளின் ஊரே அவற்றின் முன்பற்களை நம்பி எழுந்தது. கொறித்துக் கொறித்துத்தான் அந்த நகரத்தைக் கட்டினார்கள். வயதானால் பல் போய்விடும், அப்புறம் எலியின் வாழ்க்கை முடிந்த மாதிரி. அதனால் கரடிக் குட்டிகளின் விழுந்த பற்களைத் திருடிவந்து, செதுக்கி, எலிகளுக்குப் பொருத்துகிறார்கள். (உண்மையில் எலியின் வெட்டுப்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். குழந்தை கேட்டால் அதையும் சொல்லிவிடுங்கள்.) எனவே விடுதிக் குட்டிகள் எல்லாம் பல் மருத்துவத்துக்குப் பயிற்சி எடுக்க வேண்டும், மேலே போய்ப் பல் கொண்டுவர வேண்டும். செலஸ்தீனுக்கோ படம் வரையத்தான் ஆசை.

மேலே, பல் எடுக்கப் போன செலஸ்தீனைத் துரத்திய அதே கரடிக் குடும்பம். அப்பா மிட்டாய்க் கடை வைத்திருக்கிறார். எதிர்த்தாற்போல் அம்மாவின் கடை, அதில் விற்பது செயற்கைப் பற்கள். அப்பா விற்கும் மிட்டாயைத் தின்று பல் சொத்தையானவர்கள் தெருவைக் கடந்து அம்மாவின் கடைக்கு வருகிறார்கள். அவர்களின் சொந்தப் பிள்ளைக்கு மட்டும் மிட்டாய் கிடையாது! ஒரு வியாபாரம் எப்படி நடக்கிறது என்பதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய இன்னொரு குழந்தைகள் படத்தை நான் பார்த்ததில்லை.

எர்னெஸ்ட் இந்த ஊரில் எங்கும் பொருந்தாத கரடி. நீதிபதிகளின் குடும்பத்தில் பிறந்தவன். அவனும் நீதிபதியாக வேண்டும் என்று வீட்டார் நினைத்தார்கள், அவனுக்கு இசைதான் பிடித்தது. இப்போது காட்டுக்குள் ஒரு பழைய வீட்டில் தனியாக, பட்டினியாக இருக்கிறான். ஊர்ச் சதுக்கத்தில் வாத்தியம் வாசித்துக் காசு கேட்டால் போலீஸ் வாத்தியங்களைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. பசியில் குப்பைத் தொட்டியைக் கிளறுகிறான். முந்தின இரவு துரத்தலில் அந்தத் தொட்டிக்குள் மாட்டிக்கொண்ட செலஸ்தீன் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிறாள். கையில் எடுத்து, வாயைத் திறந்துவிட்டான்.

இந்த இடத்தைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பேச ஆசை. அவன் அவளைத் தின்னப் போகிறான். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே. அவள் அழவில்லை, கெஞ்சவில்லை, அதட்டுகிறாள். ஒரு சுண்டெலியைத் தின்றால் பசி ஆறுமா என்று வாதாடி, இதைவிட நல்ல தீனி இருக்கும் இடத்தைக் காட்டுகிறாள். அது மிட்டாய்க் கடையின் நிலவறை. அவன் அங்கே போய் மூச்சுமுட்டத் தின்றுவிட்டுப் போலீசிடம் மாட்டுகிறான். அவள் போலீஸ் வண்டியிலிருந்து அவனைத் தப்பிக்க வைக்கிறாள், ஆனால் சும்மா இல்லை. பதிலுக்கு எதிர்க்கடையில் பல் திருட அவன் உதவ வேண்டும். அவள் கொண்டுபோக வேண்டிய பல்லின் கணக்கு பாக்கி இருக்கிறது.

ஆக, இந்த நட்பு பேரத்தில் தொடங்குகிறது. என்னைத் தின்னாதே, உனக்கு மிட்டாய் தருகிறேன். உன்னை விடுவிக்கிறேன், எனக்குப் பல் எடுத்துத் தா. கண்ணும் கண்ணும் சந்தித்து மனம் உருகும் காட்சி எதுவும் இல்லை. இரண்டு ஊர்ப் போலீசும் துரத்த, மிட்டாய்க் கடைக்காரரின் வண்டியைத் தூக்கிக்கொண்டு காட்டு வீட்டுக்கு ஓடி வந்தபிறகும் எர்னெஸ்ட் அவளை வீட்டுக்குள் சேர்க்க மறுக்கிறான். எலியை வீட்டில் வைத்துக்கொள்ளும் கரடி எங்கே இருக்கிறது? கடைசியில் போனால் போகிறதென்று கீழே நிலவறையில் இடம் கொடுக்கிறான். யோசித்துப் பாருங்கள், எலி கீழே, கரடி மேலே. ஊரில் இருக்கும் அதே ஏற்பாட்டைத் தன் வீட்டுக்குள்ளும் செய்கிறான், அவன் கெட்டவன் இல்லையென்றாலும். பழக்கம் எவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான காட்சி எனக்குத் தெரியாது. அப்புறம் இருவருக்கும் கெட்ட கனவு வருகிறது. சின்ன வயதில் யாரோ சொன்ன கதையெல்லாம் தூக்கத்தில் திரும்பி வருகிறது. எல்லாவற்றுக்கும் பிறகு மெல்ல மெல்ல, ஒரே அடுப்பின் வெதுவெதுப்பில், ஒருவர் வரைய ஒருவர் வாசிக்க, குளிர்காலம் போகிறது. குழந்தைகளுக்கு நட்பு பற்றி ஏதாவது தெரிய வேண்டும் என்றால் இந்த வேகத்தில்தான் தெரிய வேண்டும் என்பேன்.

அந்தக் குளிர்காலப் பகுதியில் ஒரு காட்சி வரும். எர்னெஸ்ட் வாசிக்கிறான், செலஸ்தீன் தூரிகையை எடுக்கிறாள். திரையில் கரடியும் இல்லை, எலியும் இல்லை, வெறும் வண்ணத் தீற்றல்களும் கோடுகளும் இசைக்கு ஏற்ப நகர்கின்றன. படத்துக்கு இசை வென்சான் குர்த்துவா, செல்லோ வாசிப்பவர். அந்தச் சில நிமிடங்களுக்காக மட்டும் நான் இந்தப் படத்தை மறுபடி போட்டுப் பார்த்திருக்கிறேன். கதை நகரவில்லையே என்று குழந்தை எழுந்து ஓடிவிடும் என்று நினைப்போம், ஆனால் அப்படி ஆவதில்லை.

ஓவிய முறையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கரடியையும் எலியையும் முதலில் படைத்தவர் பெல்ஜியத்துக்காரர் கப்ரியேல் வென்சான். இது புனைபெயர், இயற்பெயர் மொனிக் மார்த்தன். 1928இல் பிறந்து 2000இல் மறைந்தார், வாழ்ந்தது பிரஸ்ஸல்ஸ் நகரில். 1981இலிருந்து இந்த ஜோடியை வைத்துப் படக்கதைப் புத்தகங்கள் செய்தார். மென்மையான கோடு, மேலே லேசான நீர்வண்ணம். கதை முழுவதும் உரையாடலிலேயே போகும், விளக்கம் சொல்ல ஆசிரியர் குறுக்கே வரமாட்டார். வீட்டுக் கூரை ஒழுகுகிறது, சரிசெய்யக் காசு இல்லை, தெருவில் போய் வயலின் வாசிக்கலாம் என்று கிளம்புவார்கள். பனியில் தொலைந்துபோன பென்குயின் பொம்மைக்காக ஒரு முழுப் புத்தகம். அவ்வளவு சின்ன விஷயங்கள்தான். அவற்றில் இருக்கும் ஏழ்மையும் கனிவும் படத்திலும் அப்படியே வந்திருக்கின்றன.

அந்தப் புத்தகங்களின் அழகே பாதியில் விட்ட கோடுகளில்தான் இருக்கிறது. கரடியின் முதுகு ஓரிடத்தில் கோடாக இருக்கும், இன்னோரிடத்தில் தாளின் வெண்மையில் கரைந்துவிடும். சாதாரண அனிமேஷனில் இது பெரிய தொந்தரவு. கோடு மூடியிருந்தால்தான் கணினி உள்ளே வண்ணம் நிரப்பும், திறந்திருந்தால் வண்ணம் வெளியே கசியும். ரென்னரும் குழுவினரும் அந்தத் திறந்த கோட்டை விட்டுக்கொடுக்கவில்லை. பாத்திரங்களைக் கணினியில் கையாலேயே வரைந்து, நீர்வண்ணப் பின்னணிகளின் மேல் நடமாட விட்டிருக்கிறார்கள். திரையின் ஓரங்கள் பல காட்சிகளில் வெறும் வெள்ளையாகக் கரைந்துபோகும். மீதியை நம் கண் நிரப்பிக்கொள்கிறது. ஒவ்வொரு முடியும் மின்னும் கணினிப் படங்களையே பார்த்துப் பழகிய குழந்தைக்கு முதல் ஐந்து நிமிடம் புதிதாக இருக்கும். அப்புறம் சில குழந்தைகள் தாளும் பென்சிலும் கேட்பார்கள், தயாராக எடுத்து வையுங்கள்.

ரென்னருக்கு இது முதல் முழுநீளப் படம். மற்ற இருவரும் பெல்ஜியத்துக்காரர்கள், பிளாஸ்டிக் பொம்மைகளை நகர்த்தி நகர்த்தி 'பானிக் ஒ வில்லாஜ்' என்ற படத்தை எடுத்தவர்கள். துரத்தல் காட்சிகளில் எலிப் போலீஸ் வெள்ளம்போல் திரண்டு வரும் கூத்தைப் பார்க்கும்போது எனக்கு அவர்களின் நினைவுதான் வரும். திரைக்கதை எழுதியது நாவலாசிரியர் தானியேல் பெனாக். பள்ளி ஆசிரியராகப் பல வருடம் இருந்தவர், படிப்பு ஏறாத பிள்ளைகளைப் பற்றி எழுதியவர். கப்ரியேல் வென்சானோடு அவருக்குக் கடிதத் தொடர்பும் இருந்தது. மூலப் புத்தகங்களில் தரைக்குக் கீழே எலிகளின் ஊர் கிடையாது. செலஸ்தீன் கரடிகள் உலகில் எர்னெஸ்டோடு வாழ்கிறாள், அவ்வளவுதான். இரண்டு ஊர், பல் வியாபாரம், விடுதி, நீதிமன்றம் எல்லாம் பெனாக் சேர்த்தவை. பொதுவாக மூலக்கதையில் இப்படிக் கைவைத்தால் எனக்கு ஒப்பாது. இங்கே மட்டும், அந்த நட்பு எதை எதிர்த்து நிற்கிறது என்பது இந்தச் சேர்க்கையால்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

முடிவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், உங்கள் குழந்தை பயந்த சுபாவம் என்றீர்களே. கதை தெரிய வேண்டாம் என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். எர்னெஸ்ட் எலிகளிடமும் செலஸ்தீன் கரடிகளிடமும் பிடிபடுகிறார்கள். கீழே பெரிய கரடிக்கு எலி நீதிபதி முன் விசாரணை, மேலே சின்ன எலிக்குக் கரடி நீதிபதி முன் விசாரணை. இரண்டு நீதிமன்றத்திலும் தீப்பிடிக்கிறது. எல்லோரும் ஓடிவிட, குற்றவாளிக் கூண்டில் நின்ற இவர்கள்தான் நீதிபதிகளைக் காப்பாற்றுகிறார்கள். என்ன வேண்டும் என்று கேட்டால் இருவரும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள், சேர்ந்து இருக்க அனுமதி. மேலும் கீழும் ஒரே நேரத்தில் மாறி மாறிக் காட்டியிருக்கும் விதம் அபாரம். ஆனாலும் நெருப்பு வந்து சிக்கலைத் தீர்த்துவிடுவது கொஞ்சம் அவசரமாகத்தான் இருக்கிறது. மிட்டாய்க் கடைக் குடும்பத்தை, குறிப்பாக அந்தக் கரடிக் குட்டியை, படம் பின்பாதியில் ஏறக்குறைய மறந்துவிட்டதும் எனக்கு வருத்தம். மிட்டாய் மறுக்கப்பட்ட அந்தப் பையனுக்கு இன்னும் ஒரு காட்சி கொடுத்திருக்கலாம்.

பயப்பட வாய்ப்புள்ள இடங்கள்: தொடக்கத்தில் கிழட்டு எலி கதை சொல்லும்போது சுவரில் விழும் நிழல்கள், எர்னெஸ்ட் அவளைத் தின்ன வாய் திறக்கும் கணம், இருவரின் கனவுகள், தீ. எதிலும் ரத்தம் இல்லை, யாரும் சாவதில்லை. ஐந்து வயதுக்கு மேல் என்றால் பக்கத்தில் நீங்கள் இருந்தால் போதும். கனவுக் காட்சி வரும்போது மட்டும் முன்கூட்டியே "இது கனவு" என்று சொல்லிவிடுங்கள்.

எந்த மொழியில் பார்ப்பது? பிரெஞ்சில் எர்னெஸ்டுக்குக் குரல் லம்பேர் வில்சன், 'மேட்ரிக்ஸ்' இரண்டாம் மூன்றாம் பாகங்களில் வரும் அந்தப் பிரெஞ்சுக்காரர். செலஸ்தீனுக்கு பாலின் ப்ரூனர். ஆங்கில டப்பிங்கில் ஃபாரஸ்ட் விட்டேகரும் மெக்கென்ஸி ஃபாயும் பேசியிருக்கிறார்கள். விடுதிக் கிழட்டு எலிக்கு ஆங்கிலத்தில் குரல் கொடுத்தவர் பழம்பெரும் நடிகை லாரன் பகால், 2014இல் அவர் இறப்பதற்கு முன் செய்த கடைசிப் பாத்திரங்களில் ஒன்று. குழந்தைக்கு ஆங்கிலம் பழக்கம் என்றால் டப்பிங்கே போதும், நன்றாகச் செய்திருக்கிறார்கள். பழக்கம் இல்லை என்றால் நான் செய்வதைச் செய்து பாருங்கள்: பிரெஞ்சில் ஓடவிட்டு, சப்டைட்டிலைப் பார்த்துத் தமிழில் மெதுவாகச் சொல்லிக்கொண்டே போவது. பாதிக் காட்சிகள் பேச்சில்லாமலே புரிந்துவிடும் என்பதால் இது சிரமம் இல்லை. குரலை மாற்றி எர்னெஸ்டாகக் கொஞ்சம் உறுமினால் குழந்தைக்கு இன்னும் பிடிக்கும்.

பிடித்துப்போனால் மேலே போக வழி இருக்கிறது. 2022இல் இதே ஜோடியின் இன்னொரு படம் வந்தது, இயக்கியவர்கள் ஜூலியன் ஷெங், ஜான் கிறிஸ்தோஃப் ரோஜே. உடைந்த வயலினைச் சரிசெய்ய எர்னெஸ்டின் சொந்த நாட்டுக்குப் போகிறார்கள், அங்கே இசைக்கே தடை. முதல் படத்தின் ஆழம் இல்லை, ஆனால் இன்னும் சின்னக் குழந்தைக்கு அதுதான் சுலபம். தொலைக்காட்சித் தொடரும் உண்டு, ஒவ்வொன்றும் குட்டிக் குட்டிக் கதை. முடிந்தால் கப்ரியேல் வென்சானின் புத்தகம் ஒன்றையும் தேடிப் பிடியுங்கள். ஆங்கில மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன. படம் பார்த்த குழந்தைக்கு அந்த ஓவியங்களில் அதே கரடியின் முதுகை அடையாளம் காண்பதில் தனி சந்தோஷம்.

குழந்தைக்குப் பத்து வயது தாண்டியபிறகு, 2005இல் கிசபுரோ சுகி இயக்கிய ஜப்பானியப் படமான 'அராஷி நோ யோரு நி' பாருங்கள். புயல் இரவில், இருட்டுக் குடிசையில், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் ஓர் ஆடும் ஓர் ஓநாயும் பேசிச் சிநேகமாகிவிடுகிறார்கள். மறுநாள் வெளிச்சத்தில்தான் தான் பேசியது யாரோடு என்று தெரிகிறது. யூயிச்சி கிமுரா எழுதிய சிறுவர் புத்தக வரிசையிலிருந்து எடுத்தது. அதில் ஓநாயின் பசி கடைசிவரை தீராத பிரச்சினையாகவே இருக்கிறது, கூட்டமும் துரத்துகிறது. அதனால்தான் இப்போது வேண்டாம் என்கிறேன். எர்னெஸ்ட் மிட்டாய் தின்றாவது பசியாறிக்கொண்டான், அந்த ஓநாய்க்கு அந்த வசதியும் இல்லை.